நுரையீரல் தழும்பு நோய் ஆய்வு: எலியில் தொடங்குவதா, மனிதரில் தொடங்குவதா?

முனைவர் பட்டத்துக்கு நுரையீரலில் தழும்பு படியும் ஃபைப்ரோசிஸ் நோயை எடுத்துக்கொள்ளும் மாணவர்கள் முதல் மூன்று மாதங்களில் ஓரிடத்தில் கட்டாயம் சிக்கிக்கொள்கிறார்கள். "ப்ளியோமைசின் எலியில் ஆரம்பிக்கட்டுமா, செல் வளர்ப்பிலா? இல்லை, எல்லோரும் செய்கிறார்களே, ஒற்றைச் செல் தரவை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்கிறார்கள். (ப்ளியோமைசின் எலி என்பது அந்த மருந்தைச் செலுத்தித் தழும்பு உண்டாக்கிய எலி; ஒற்றைச் செல் தரவு என்பது திசுவின் ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்ற பதிவு.) பெரும்பாலும் பதிலை முடிவு செய்வது அவர்கள் சேர்ந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் கருவிதான். எலிக்கூடம் இருந்தால் எலி, செல் அறை இருந்தால் செல். கேள்வி பிறகு அதற்கேற்ப வளைக்கப்படுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த நோயில் தவறான தேர்வுக்கு விலை அதிகம். காரணம் தெரியாத வகையான இடியோபதிக் பல்மோனரி ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக ஐ.பி.எஃப்., கண்டறியப்பட்டபின் நோயாளிகளில் பாதிப் பேர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்பதே நீண்டகாலக் கணக்கு. பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் ஆகிய இரு மருந்துகளும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2014 அக்டோபரில். இரண்டும் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. எலியில் நன்றாக வேலை செய்து மனிதரில் தோற்ற மருந்துகளின் பட்டியலோ மிக நீளம். லாக்ஸ்எல்2 என்ற நொதியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் எலிகளில் தழும்பைக் குறைத்தது. அந்த நொதியைக் குறிவைத்த சிம்டுசுமாப் நோயாளிகளுக்கு எந்தப் பலனும் தரவில்லை. நம்பிக்கையோடு மூன்றாம் கட்டச் சோதனைவரை போன ஜிரிடாக்செஸ்டாட் 2021-இலும், பாம்ரெவ்லுமாப் 2023-இலும் அங்கேயே விழுந்தன.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், நீங்கள் நோயின் எந்தக் கட்டத்தைக் கேட்கிறீர்கள் என்பது. இந்த நோயில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. தழும்பை எது தொடங்கி வைக்கிறது? தொடங்கியது எப்படிப் பரவுகிறது? ஏன் ஆறாமல் நிற்கிறது? காற்றுச் சிற்றறையின் உட்சுவரில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்கள் களைத்துப்போவதில் தொடக்கம் இருக்கிறது என்பதே இன்று வலுவான கருத்து. பரவலில் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதமும், அதன் தூண்டுதலில் தழும்பின் நார்ப்புரதமான கொலாஜனைக் கொட்டும் மயோஃபைப்ரோபிளாஸ்ட் செல்களும் முன்னுக்கு வருகின்றன. ஆறாமல் நிற்பதன் பின்னே முதுமை, இறுகிய திசு, சாக மறுக்கும் செல்கள் எல்லாம் இருக்கின்றன. எந்த ஓர் ஆய்வு மாதிரியும் தனியாக இந்த மூன்றுக்கும் பதில் தராது.

இரண்டாவது: காரணத்தைக் காட்டுமா, உடன்நிகழ்வை மட்டும் காட்டுமா? மூன்றாவது: வயது அதில் இருக்கிறதா? ஐ.பி.எஃப். பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களின் நோய். ஆய்வுக்கூட எலியோ பெரும்பாலும் பத்து வார இளசு. நான்காவது: மறைமுகச் செலவு. காலம், கைத்திறன், நெறிமுறை ஒப்புதல், ஒப்பீட்டுக் குழு எல்லாம் இதில் அடங்கும். திட்ட வரைவில் யாரும் எழுதாத செலவு இதுதான்.

## ப்ளியோமைசின் எலி

இதைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் திட்ட மாட்டேன். ப்ளியோமைசின் ஒரு புற்றுநோய் மருந்து. அதைச் சிதைக்கும் நொதி நுரையீரலில் குறைவு என்பதால் மனிதரிலும் அது நுரையீரலைத் தாக்குகிறது. எலியின் மூச்சுக்குழாயில் ஒரு தவணை செலுத்தினால் போதும். முதல் வாரம் அழற்சி, இரண்டாம் வாரத்திலிருந்து கொலாஜன் படிவு. மூன்று நான்கு வாரத்தில் தழும்பு கண்ணுக்குத் தெரியும். ஒரு மரபணுவை நீக்கினால் தழும்பு கூடுகிறதா, குறைகிறதா என்ற நேரடிக் கேள்விக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் தரும் வழி வேறில்லை. அமெரிக்க மார்பு நோய்ச் சங்கத்தின் 2017 அறிக்கையும், மருந்துகளை முதலில் சோதிக்க இந்த மாதிரியையே பரிந்துரைத்தது.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. மருந்தை முதல் நாளிலேயே கொடுத்துவிட்டு "தழும்பைத் தடுத்தது" என்று எழுதினால், நீங்கள் சோதித்தது அழற்சியைத்தான். ஐ.பி.எஃப்.-ஐ அழற்சி நோயாகப் பார்த்ததன் விளைவை 2012-இல் கண்டோம். பிரெட்னிசோன், அசதயோபிரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த குழுவில் இறப்புகள் கூடியதால் அந்தச் சிகிச்சைப் பிரிவையே பாதியில் நிறுத்தினார்கள். அதனால் மருந்து தொடங்கும் நாள் அழற்சி அடங்கியபின், ஏறத்தாழ பத்தாம் நாளுக்குப் பிறகு இருக்க வேண்டும். இதை மட்டும் சரிசெய்தாலே பாதித் தவறு ஒழியும்.

அடுத்த சிக்கல், இளம் எலியில் இந்தத் தழும்பு தானாகவே ஆறிவிடுகிறது. ஐ.பி.எஃப். ஆறுவதில்லை. "ஏன் ஆறவில்லை" என்று கேட்பவருக்கு இளம் எலி எதிர்மறையான பாடம்தான் சொல்லும். ஆனால் அதே இளம் எலியை முதிய எலியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. பதினெட்டு மாத எலிகளில் தழும்பு ஆறாமல் நீடிக்கிறது. அந்த வேறுபாட்டில்தான் விடை ஒளிந்திருக்கும். இதன் மறைமுகச் செலவு அந்தப் பதினெட்டு மாதங்களே. வயதான எலிகளை முன்பே வளர்த்து வைக்காத ஆய்வகத்தில் முனைவர் பட்டக் காலத்தின் பெரும்பகுதி காத்திருப்பிலேயே போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடுமையாக நோயுற்ற எலிகள் நடுவிலேயே இறந்துவிடும். முடிவில் நீங்கள் அளப்பது தப்பிப் பிழைத்தவற்றை மட்டுமே. இறந்தவற்றைக் கணக்கில் சேர்க்காத சராசரி உங்களை ஏமாற்றும். எலி வகையும் முக்கியம்: சி57பிளாக்6 எளிதில் தழும்பும், பால்ப்-சி அவ்வளவாகத் தழும்பாது. மரபணு நீக்கிய எலிகள் இரண்டு வகைகளின் கலப்பாக இருந்தால், நீங்கள் கண்ட விளைவு மரபணுவுடையதா, வகையுடையதா என்று பிரிக்கவே முடியாது.

எப்போது இதைத் தேர்வது: பரவல் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறின் பங்கை உயிருள்ள உடலில் சோதிக்க. எப்போது வேண்டாம்: நோயின் மூலத்தைத் தேட.

## மரபணு மாற்றிய எலி

வெளியிலிருந்து நஞ்சு செலுத்தாமல், குடும்பவழி நோயாளிகளிடம் கண்ட அதே பிறழ்வை எலியில் வைப்பது இந்த வழி. சிற்றறை சுருங்கிவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலத்தின் புரதம்-சி மரபணுவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. ஐ73டி என்ற பிறழ்வில் புரதம் செல்லுக்குள் தவறான பாதையில் போய்ச் செல்லின் மேற்பரப்பில் தேங்குகிறது. சி121ஜி பிறழ்வில் புரதம் சரியாக மடியாமல் உட்கரு அருகிலுள்ள வலைப்பின்னலில் சிக்கி அழுத்தம் தருகிறது. இரண்டிலும் காயம் இரண்டாம் வகைச் செல்லிலேயே தொடங்குகிறது. "எது தொடங்கி வைக்கிறது" என்ற கேள்விக்கு ப்ளியோமைசினைவிட இது எவ்வளவோ நேர்மையான மாதிரி.

ஆனால் குரோமோசோம்களின் நுனி உறையான டெலோமியரைப் பாதிக்கும் பிறழ்வுகளில் எலி கைவிடுகிறது. ஆய்வகத்து எலியின் டெலோமியர் மனிதருடையதைவிடப் பல மடங்கு நீளம். அதை நீட்டும் நொதியான டெலோமரேஸை நீக்கினாலும் விளைவு தெரியப் பல தலைமுறைகள் கலப்பு செய்ய வேண்டும். அப்போதும் தழும்பு தானாக வருவதில்லை. இரண்டாம் வகைச் செல்களில் மட்டும் டெலோமியரைக் காக்கும் டி.ஆர்.எஃப்1 புரதத்தை நீக்கிய எலிகளில்தான் தழும்பு தோன்றியது. அது டெலோமியரை மெல்லக் குறுக்குவதல்ல, ஒரேயடியாகப் பாதுகாப்பைக் கழற்றுவது. நோயாளியிடம் நாற்பது ஆண்டுகளில் நடப்பதற்கும் இதற்கும் இடையிலான தூரத்தைக் கட்டுரையில் ஒளிக்காமல் எழுத வேண்டும்.

மறைமுகச் செலவு: மரபணுவை வேண்டியபோது மாற்றும் க்ரே நொதிக்கும், அதை இயக்கத் தரும் டமோக்சிஃபெனுக்கும் அவற்றுக்கே உரிய விளைவுகள் உண்டு. க்ரே மட்டும் உள்ள எலிகளை ஒப்பீட்டுக்கு வைக்கவில்லையென்றால் தரவு நிற்காது. கலப்புக்கே ஓராண்டு என்று கணக்கு வையுங்கள்.

## தட்டில் வளரும் செல்

மலிவு, வேகம், தெளிவு. ஒரு சமிக்ஞைப் பாதையின் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் தட்டின் கடினம் ஒரு பொறி. ஆரோக்கியமான நுரையீரல் திசுவின் விறைப்பு ஏறத்தாழ 2 கிலோபாஸ்கல், ஐ.பி.எஃப். திசுவில் அது 16 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். பிளாஸ்டிக் தட்டோ கிகாபாஸ்கல் அளவில், அதாவது தழும்பைவிட லட்சம் மடங்கு கடினம். அதன்மேல் வைத்தாலே, நார்த்திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல் பாதி மயோஃபைப்ரோபிளாஸ்ட் ஆகிவிடும். உங்கள் "ஆரோக்கியமான" ஒப்பீட்டுச் செல் ஏற்கெனவே நோயுற்றிருக்கிறது. மென்மையான ஹைட்ரோஜெல்லில் வளர்த்தால் இது பெரிதும் சரியாகும். கூடுதல் செலவு சிறியது. இதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

ஏ549 செல்களைச் "சிற்றறைச் செல்" என்று இன்னும் எழுதுகிறார்கள். அவை 1972-இல் ஒரு நுரையீரல் புற்றிலிருந்து எடுத்த செல்கள், கேராஸ் என்ற புற்றுநோய் மரபணுவில் பிறழ்வு கொண்டவை. தொடக்கக் கேள்விக்கு அவற்றை நம்ப வேண்டாம்.

நோயாளியின் தோல் அல்லது இரத்தச் செல்லைப் பின்னோக்கி ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து இரண்டாம் வகைச் செல்களையும் ஆர்கனாய்டுகள் என்னும் சிறு உறுப்பு வடிவங்களையும் உருவாக்கும் வழி இதற்கு நல்ல மாற்று. அதே நோயாளியின் பிறழ்வை கிரிஸ்பர் என்னும் மரபணுத் திருத்தக் கருவியால் திருத்திப் பக்கத்தில் வைத்தால், இரண்டுக்கும் வேறுபாடு அந்த ஒரே எழுத்துதான். காரணத்தைக் காட்ட இதைவிடச் சுத்தமான ஒப்பீடு மனிதச் செல்களில் கிடைக்காது. இழப்பும் பெரிது: செல்லைப் பின்னோக்கித் திருப்பும்போது அறுபது ஆண்டுகளின் தடயம் பெருமளவு அழிந்துவிடுகிறது. கையில் கிடைப்பது கருவை ஒத்த இளம் செல். முதுமையைப் பற்றிய கேள்விக்கு இது பொருந்தாது.

## நுரையீரல் சீவல்

அறுவை சிகிச்சையில் கிடைத்த திசுவை அகரோஸால் நிரப்பி, 300 முதல் 500 மைக்ரான் தடிமனில் சீவி உயிரோடு வைப்பது. எல்லா வகைச் செல்களும் அவற்றின் இயல்பான இடத்தில் இருக்கின்றன; வயதும் இருக்கிறது, நோயும் இருக்கிறது. ஒரே நோயாளியின் சீவல்களில் பாதிக்கு மருந்து, பாதிக்கு மருந்தில்லை என்று பிரிக்கலாம். "ஏற்கெனவே இருக்கும் தழும்பு இளகுமா" என்று மனிதத் திசுவிடமே கேட்க இதுதான் வழி. ஒரு வாரம்வரை நம்பலாம். இரத்த ஓட்டம் இல்லை, மூச்சின் இழுவிசை இல்லை, வெளியிலிருந்து வரும் எதிர்ப்புச் செல்கள் இல்லை. திசு எப்போது வரும் என்பது உங்கள் கையிலும் இல்லை. அறுவை அரங்கிலிருந்து மாலை ஏழு மணிக்கு அழைப்பு வந்தால் அன்றிரவு உறக்கமில்லை.

## மனிதத் திசுவில் ஒற்றைச் செல் ஆய்வு

2020-இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே விந்தையான செல்லைக் கண்டன. கெரட்டின்17 என்ற புரதம் உண்டு, கெரட்டின்5 இல்லை, மூப்படைந்த செல்லின் அடையாளங்கள் உண்டு, டி.ஜி.எஃப்-பீட்டாவை விழிக்கச் செய்யும் இன்டெக்ரின் என்ற புரதமும் உண்டு. ஃபைப்ரோபிளாஸ்ட் குவியல்களின் விளிம்பில், நோயின் முன்னணி எல்லையில் அது உட்கார்ந்திருந்தது. எலிகளில் மட்டும் தேடியிருந்தால் அதைக் கண்டிருக்க முடியாது. எலியின் கெரட்டின்8 இடைநிலைச் செல்கள் அதன் தூரத்து உறவு, அவ்வளவே. மனித இரண்டாம் வகைச் செல் மூச்சுக்குழாய்ச் சுவரின் அடித்தளச் செல்லாக மாற வல்லது, எலியின் செல் அப்படி மாறுவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. மனிதரிடம் இருக்கும் சுவாச நுண்குழல்கள் எலியிடம் இல்லவே இல்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் நான் எலியிலிருந்து தொடங்குவதற்கு எதிராகச் சாய்கிறேன்.

ஆனால் இங்கே மறைமுகச் செலவுகள் அதிகம். திசு பெரும்பாலும் மாற்று அறுவையில் அகற்றிய நுரையீரலிலிருந்து வருகிறது. அதாவது எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலைப் பார்த்துத் தீ எங்கே பிடித்தது என்று தேடுகிறோம். இதற்கு ஒரு பகுதித் தீர்வு உண்டு: ஒரே நுரையீரலில் நோய் சீராகப் பரவியிருக்காது. குறைவாகப் பாதித்த பகுதி, நடுத்தரம், கடைசிக்கட்டம் என்று மூன்று இடங்களில் மாதிரி எடுத்தால் இடத்தைக் காலத்துக்குப் பதிலாகப் படிக்கலாம்.

திசுவை நொதியால் செல்களாகப் பிரிக்கும்போது மெல்லிய முதல் வகைச் செல்கள் சிதைந்து காணாமல் போகும். தரவில் அவை குறைவாக இருப்பது நோயாலா, நொதியாலா என்று தெரியாது. உட்கருக்களை மட்டும் பிரித்தெடுத்தால் இந்தச் சாய்வு குறையும். புள்ளியியலில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: 50,000 செல்கள் இருந்தாலும் நோயாளிகள் ஆறு பேர் என்றால் உங்கள் மாதிரி எண்ணிக்கை ஆறுதான்.

## மனித மரபணுத் தரவு

மற்ற எல்லா வழிகளிலும் நோய்க்குப் பின்னால் ஓடுகிறோம். மரபணு வேறுபாடு மட்டும் நோய்க்கு முன்பே, பிறக்கும்போதே இருக்கிறது. அதனால் காரணமா விளைவா என்ற குழப்பத்தை இதைப்போல வெட்டிப் பிரிக்கும் வேறு வழி இல்லை. செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் டெஸ்மோபிளாக்கின் புரதத்தின் மரபணு இதற்கு அழகான சான்று. ஐ.பி.எஃப். நுரையீரலில் அதன் அளவு கூடியிருக்கிறது. திசுவை மட்டும் பார்த்தவர் "இதைத் தடுக்க வேண்டும்" என்பார். ஆனால் நோய் அபாயத்தைக் கூட்டும் மரபணு வடிவமோ அதன் அளவைக் குறைக்கிறது. திசைகள் எதிரெதிர். திசுவில் கண்ட உயர்வு ஈடுகட்டும் முயற்சியாகக்கூட இருக்கலாம். தடுத்தால் கேடாக முடியலாம்.

மிக வலுவான பொது அபாயம் எம்.யூ.சி.5பி மரபணுவின் முன்பகுதியில் ஒரே எழுத்து மாற்றம். 2011-இல் வெளியான ஆய்வில் ஐ.பி.எஃப். நோயாளிகளின் மரபுப் பிரதிகளில் அது ஏறத்தாழ 38 விழுக்காடு, மற்றவர்களிடம் 9 விழுக்காடு. சளிப் புரதம் ஒன்று தழும்பு நோயின் தலைவாசலில் நிற்கும் என்று எந்த எலியும் சொல்லியிருக்காது. இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது: இந்த மாற்றம் உள்ள நோயாளிகள் இல்லாதவர்களைவிட நீண்டகாலம் வாழ்கிறார்கள். தொடங்கி வைப்பதும் விரைவாக்குவதும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. இதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

அரிய பிறழ்வுகள் மறுபக்கம். டெர்ட், டெர்க், ஆர்டெல்1, பார்ன் என டெலோமியர் சார்ந்தவையும் சர்ஃபாக்டன்ட் சார்ந்தவையும் குடும்பவழி நோயை விளக்குகின்றன. குடும்பத்தில் பலருக்கு இருந்தால் மரபு வரிசையைப் படிப்பது பலன் தரும்.

மறைமுகச் செலவு: பொது வேறுபாடுகளைத் தேட ஆயிரக்கணக்கான நோயாளிகள் வேண்டும், தனி மாணவரால் முடியாது, கூட்டுத் தரவில் சேர வேண்டும். கண்ட இடங்களில் பெரும்பாலானவை புரதத்தைக் குறிக்காத பகுதிகள். எந்த மரபணு, எந்தச் செல்லில் என்று கண்டுபிடிப்பதே தனி ஆய்வு. தரவு பெரும்பாலும் ஐரோப்பிய மரபுவழியினருடையது, எம்.யூ.சி.5பி மாற்றம் கிழக்கு ஆசியரிடமும் ஆப்பிரிக்க மரபுவழியினரிடமும் அரிது. ஒரு கூட்டத்தின் கதையை எல்லோர்மேலும் போர்த்த முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | தொடக்கம் | பரவல் | ஆறாமை | காரணம் காட்டுமா | பெரிய மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| ப்ளியோமைசின் எலி | பலவீனம் | நன்று | முதிய எலியில் மட்டும் | ஆம், எலியில் | அழற்சிக் கட்டத்தின் குழப்பம் |
| மரபணு மாற்றிய எலி | நன்று | ஓரளவு | ஓரளவு | ஆம், எலியில் | கலப்புக்கான ஆண்டு |
| ஸ்டெம் செல், ஆர்கனாய்டு | நன்று | பலவீனம் | இல்லை | ஆம், செல் அளவில் | வயது அழிதல் |
| நுரையீரல் சீவல் | இல்லை | நன்று | மிக நன்று | ஓரளவு | திசு வரவு |
| ஒற்றைச் செல் ஆய்வு | மறைமுகம் | நன்று | நன்று | இல்லை | கடைசிக்கட்டத் திசு |
| மரபணுத் தரவு | மிக நன்று | பலவீனம் | பலவீனம் | ஆம், மனிதரில் | மாதிரி எண்ணிக்கை |

## யாருக்கு எது?

உங்களிடம் ஒரு மூலக்கூறு ஏற்கெனவே இருக்கிறது, அது முக்கியமா என்று தெரிய வேண்டும் என்றால் எலிக்கூடத்துக்குப் போகாதீர்கள். பொதுவெளியில் இருக்கும் மனித ஒற்றைச் செல் தரவில் அது எந்தச் செல்லில் இருக்கிறது என்று இரண்டு வாரத்தில் பார்த்துவிடலாம். மனித நுரையீரலில் அந்தச் செல்லில் அது இல்லவே இல்லையென்றால் மூன்றாண்டு மிச்சம். இருந்தால், மரபணுத் தரவில் அதன் திசை என்ன என்று பாருங்கள். இரண்டும் பொருந்திய பின் ப்ளியோமைசின் எலி, பத்தாம் நாளுக்குப் பிந்தைய தலையீட்டோடு.

குடும்பவழிப் பிறழ்வு ஒன்று கையில் இருந்தால் திருத்திய இணையோடு ஸ்டெம் செல் வழியை எடுங்கள். பிறழ்வு டெலோமியர் சார்ந்தது என்றால் எலியைத் தவிர்க்கச் சொல்வேன். சர்ஃபாக்டன்ட் சார்ந்தது என்றால் எலியும் நன்றாகவே பேசும்.

உங்கள் கேள்வி மருந்து பற்றியது, அதிலும் ஆறாத தழும்பு பற்றியது என்றால், அறுவை மருத்துவர்களோடு நல்லுறவு இருக்கும் இடத்தில் சீவல் வழியே முதல் தேர்வு. அந்த உறவு இல்லாத இடத்தில் முதிய எலி. இரண்டும் இல்லாத இடத்தில் கேள்வியை மாற்றுவது நேர்மையானது. இளம் எலியை வைத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டதாக எழுதாதீர்கள்.

கையில் ஆறு மாதமும் ஒரு கணினியும் மட்டும் இருப்பவர்கள் தயங்க வேண்டாம். பொதுவெளியிலுள்ள ஒற்றைச் செல் தரவையும் மரபணுத் தரவையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலை இன்னும் நிறையக் கிடக்கிறது. மரபணு ஆய்வுகள் சுட்டிய இடங்கள் ஏறத்தாழ இருபது, அவற்றில் எம்.யூ.சி.5பி அளவுக்கு மரபணுவும் செல்லும் தெளிவானவை சிலவே. மீதியில் ஒன்றை எடுத்து, அது எந்தச் செல்லில் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்று உறுதியாகக் காட்டினால், அடுத்து எலி வைத்திருப்பவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.